வேதவாசிப்பு தடைப்படுகிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யுங்கள்

வேதவாசிப்பு நின்றுபோனால் நம்மில் பலர் உடனே சொல்லிக்கொள்வது, "எனக்கு விசுவாசம் குறைந்துவிட்டது." சிலருக்கு அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அந்த முடிவுக்குப் போகுமுன் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள்: ஒரு தடவை உட்கார்ந்தால் எவ்வளவு வாசிக்கிறீர்கள்? கீழே வரும் தடைகளில் சில அளவுக் கோளாறுதான். ஒற்றை வசனம் மிகச் சிறிது, முன்பின் தெரியாது. ஒரே வருடத்தில் முழு வேதாகமம் என்பது தொடக்கக்காரருக்கு மிகப் பெரிது. ஒரு புத்தகத்தை எடுத்து, அதில் ஒரு பேச்சோ சம்பவமோ தொடங்கி முடிகிற பகுதியை, ஏறக்குறைய 10 முதல் 20 வசனங்களை, ஊன்றி வாசிப்பதுதான் சரியான அளவு. கீழே வரும் அதிகாரத் திட்டங்கள் தொடர்ந்து ஓட்டமாக வாசிப்பதற்கு.

கையில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. ஒத்துவாக்கிய (இணை வசனக் குறிப்புகள் உள்ள) வேதாகமம் ஒன்று, வேறு மொழிபெயர்ப்பு ஒன்று, கோடு போட்ட நோட்டு, பென்சில். வேதாகமத் தாள் மெல்லியது. ஜெல் பேனாவும் ஈரமான ஹைலைட்டரும் மறுபக்கம் ஊறிவிடும், அதனால் கலர் பென்சிலே போதும். நேரம் 25 நிமிடம். இனி உங்கள் அறிகுறியைத் தேடி அங்கிருந்து வாசியுங்கள்.

"ஜனவரியில் தொடங்கினேன், லேவியராகமத்தோடு நின்றுவிட்டது"

மிகப் பரவலான தடை இதுதான். காரணம் கணக்கிலேயே இருக்கிறது. 66 புத்தகங்களில் 1189 அதிகாரங்கள். 365 நாளில் முடிக்க நாளுக்கு மூன்றேகால் அதிகாரம் ஓட வேண்டும். அந்த வேகத்தில் போனால் ஜனவரி 23 வாக்கில் யாத்திராகமம் 25-க்கு வருவீர்கள். அங்கே ஆசரிப்புக் கூடாரத்தின் முழ அளவுகள் தொடங்கும். 28 வாக்கில் லேவியராகமத்தின் பலிமுறைகள். நடுவில் ஒரு கல்யாணம், ஒரு காய்ச்சல் என்று பத்து நாள் விட்டுப்போனால் 33 அதிகாரம் கடன். அந்தக் கடனை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் அடைக்க உட்காரும்போதுதான் பலருக்கு வாசிப்பே விட்டுப்போகிறது.

முதல் வேலை, கடனைத் தள்ளுபடி செய்வது. விட்ட அதிகாரங்களைத் துரத்தாதீர்கள். இரண்டாவது, திட்டத்தை மாற்றுவது. புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரங்கள். வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு ஓர் அதிகாரம் என்றால் மிகச்சரியாக 52 வாரம். சனி, ஞாயிறு இரண்டும் விட்டுப்போனதைப் பிடிக்கக் கிடைக்கும்.

பழைய ஏற்பாட்டைத்தான் வாசிக்க வேண்டும் என்று மனம் இருந்தால், முதலில் கதைத்தொடரை மட்டும் எடுங்கள்: ஆதியாகமம் முழுவதும்; யாத்திராகமம் 1–20, 24, 32–34, 40; எண்ணாகமம் 10–14, 20–25; உபாகமம் 28–34; யோசுவா, நியாயாதிபதிகள், ரூத், சாமுவேலின் இரண்டு புத்தகங்கள், இராஜாக்கள் இரண்டு, எஸ்றா, நெகேமியா. மொத்தம் 267 அதிகாரங்கள். வாரம் ஆறு நாள் என்றால் 45 வாரத்தில் முடியும். இது முடிந்தபிறகு தீர்க்கதரிசிகளும் சங்கீதங்களும் எந்த இடத்தில் பொருந்துகின்றன என்பது தானாகத் தெரியவரும்.

லேவியராகமத்தை என்றைக்குமாக ஒதுக்கிவைக்கச் சொல்லவில்லை. அதை ஐந்து அமர்வுகளில், பெரும்பாலும் ஒரு துணைப் பகுதியோடு வாசியுங்கள். 1 முதல் 5 வரை ஐந்து வகைப் பலிகள்: தகனபலி, போஜனபலி, சமாதானபலி, பாவநிவாரணபலி, குற்றநிவாரணபலி. இதனோடு எபிரெயர் 10:1–18. அடுத்து 8–10, ஆசாரியர் பிரதிஷ்டையும் ஆரோனின் மகன்கள் நாதாப், அபியூவின் முடிவும். மூன்றாவது 16-ஆம் அதிகாரம், பாவநிவிர்த்தி நாள். கூடவே எபிரெயர் 9. நான்காவது 19. இயேசு மாற்கு 12:31-இல் எடுத்துச் சொன்ன "உன்னிடத்தில் அன்புகூருவதுபோல் பிறனிடத்திலும் அன்புகூருவாயாக" என்ற கட்டளை இந்த அதிகாரத்தின் 18-ஆம் வசனத்தில் இருக்கிறது. வயலின் ஓரத்தை ஏழைக்கு விடச் சொல்லும் 9, 10 வசனங்களைப் படித்துவிட்டு ரூத் 2-ஐத் திறந்தால், போவாஸின் வயலில் ரூத் கதிர் பொறுக்கியது எந்தச் சட்டத்தின்படி என்று விளங்கும். ஐந்தாவது 25, யூபிலி வருஷம். துணைக்கு லூக்கா 4:16–21. இப்படி வாசித்தவர்கள் இந்தப் புத்தகத்தை வறண்டது என்று சொல்வதில்லை.

"வாக்குத்தத்த வசனம் மட்டும்தான் தெரியும், அது எங்கிருந்து வந்தது என்று தெரியாது"

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் புதுவருஷ வாக்குத்தத்த வசன அட்டை கிடைக்கிறது. பிரிட்ஜ் கதவிலோ பூஜ்யம் வாட் பல்புக்குக் கீழேயோ ஒட்டிவைக்கிறோம். காலையில் வாட்ஸாப்பில் இன்னொரு வசனம். நாள்காட்டியில் மற்றொன்று. நாளுக்கு மூன்று வசனம் கண்ணில் பட்டும், யார் யாரிடம் பேசியது என்று கேட்டால் பதில் வராது. அட்டை நல்ல வழக்கம்தான். அதை வாசிப்பின் முடிவாக்காமல் தொடக்கமாக்க வேண்டும்.

எரேமியா 29:11-ஐ எடுத்துக்கொள்வோம். "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்" என்று வரும் வசனம். செய்ய வேண்டியது நான்கு.

1. அதே அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து வாசியுங்கள். எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபோனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் இது என்று தெரியும்.
2. முந்தின வசனத்தைப் பாருங்கள். விடுதலை எழுபது வருஷம் கழித்து என்கிறது. கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பலர் ஊர் திரும்பியிருக்க மாட்டார்கள்.
3. ஓர் அதிகாரம் பின்னால் போங்கள். 28-இல் அனனியா என்பவன் இரண்டு வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்கிறான். எரேமியாவின் கடிதம் அதற்கு எதிர்ப்பேச்சு.
4. இடையில் மக்களுக்குச் சொல்லப்பட்ட வேலையைக் குறியுங்கள்: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் (5–7).

இப்போது அந்த வாக்குத்தத்தம் சிறுத்துவிட்டதா? இல்லை. ஊரைவிட்டு வேலைக்காகச் சென்னைக்கு வந்து வாடகை வீட்டில் இருப்பவருக்கு, திரும்பிப்போகும் நாள் தெரியாமலே இந்த நகரத்தின் நன்மைக்காக உழைக்கவும் ஜெபிக்கவும் அது பலம் கொடுக்கிறது. மூன்று மாதத்தில் பதவி உயர்வு என்று அதை வாசித்தவருக்கு ஏப்ரலில் ஏமாற்றம் வரும். அந்த ஏமாற்றத்தைத் தேவன்மேல் போடும் ஆபத்தும் உண்டு. எல்லாவற்றையும் செய்யக் கிறிஸ்துவினாலே பெலனுண்டு என்கிற பிலிப்பியர் 4:13-ஐயும் இதே முறையில் சோதியுங்கள். 11, 12 வசனங்களில் பவுல் பசியாயிருக்கவும் குறைவுபடவும் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிட்டுத்தான் அங்கே வருகிறார்.

கண்ணை மூடி வேதாகமத்தைத் திறந்து விரல் வைக்கிற பழக்கத்தை, குறிப்பாக கல்யாணம், வேலை, அறுவைச் சிகிச்சை போன்ற முடிவுகளில், விட்டுவிடுங்கள். கிதியோன் ஆட்டுத்தோலைப் போட்டுத் தேவனிடம் அடையாளம் கேட்டதை இதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். ஆனால் நியாயாதிபதிகள் 6:14–16-இல் தேவன் அவனுக்கு ஏற்கெனவே தெளிவாகச் சொல்லியாயிற்று. 36-க்குமேல் வருவது அவனுடைய தயக்கம். ஒருவன் செய்தான் என்று வேதம் பதிவுசெய்வதும், நீயும் செய் என்று கட்டளையிடுவதும் வேறு வேறு.

"வாசித்து மூடினால் ஒன்றும் நினைவில் நிற்பதில்லை"

கண் மட்டும் வேலை செய்கிறது என்று பொருள். 12 வசனங்களை எடுங்கள். முதல் தடவை வாய்விட்டு வாசியுங்கள். இரண்டாவது மௌனமாக. மூன்றாவது தடவை பென்சிலோடு: திரும்பத் திரும்ப வரும் சொல்லை வட்டமிடுங்கள், "ஆகையால்", "ஏனெனில்", "ஆனாலும்", "அப்படியிருக்க" போன்ற இணைப்புகளுக்குக் கீழே கோடு. ரோமர் 12:1 "அப்படியிருக்க, சகோதரரே" என்று தொடங்குகிறது. எப்படியிருக்க? பதில் அதற்கு முந்தின பதினொரு அதிகாரங்களில் இருக்கிறது.

பிறகு புத்தகத்தை மூடி, பார்க்காமல் நோட்டில் நான்கு வரி எழுதுங்கள்: யார் யாரிடம், என்ன சொன்னார், என்ன காரணம் காட்டினார், எனக்குப் புரியாத ஒன்று. நான்காவது வரியை விடாதீர்கள். கேள்வி எழுதிய பகுதி மனதில் தங்குகிறது. பதில் அன்றைக்கே வர வேண்டும் என்பதில்லை.

அதிகார எண்ணில் நிறுத்திக்கொள்வதும் மறதிக்கு ஒரு காரணம். அதிகாரப் பிரிப்பு 13-ஆம் நூற்றாண்டில் வந்தது. புதிய ஏற்பாட்டின் இன்றைய வசன எண்கள் 1551-இல் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகத்தார் போட்டவை. அவை இடம் தேட உதவும், பேச்சு எங்கே முடிகிறது என்று காட்டாது. அப்போஸ்தலர் 21 முடியும்போது பவுல் பேசத் தொடங்குகிறார், பேச்சு 22-இல் இருக்கிறது. ஏசாயா 53-இன் பாட்டு 52:13-இலேயே தொடங்கிவிடுகிறது. அன்பின் அதிகாரமான 1 கொரிந்தியர் 13, வரங்களைப் பற்றிச் சபையில் நடந்த சண்டைக்கு (12, 14) நடுவில் வைக்கப்பட்ட பதில். கல்யாண மேடையில் மட்டும் கேட்டவருக்கு அது தெரிய வாய்ப்பில்லை.

"தமிழே கடினமாக இருக்கிறது"

ஆங்கில வழியில் படித்த பிள்ளைகள் மட்டுமல்ல, பெரியவர்களும் இதைச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். கூச்சம் வேண்டாம். பெரும்பாலான சபைகளில் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பு, ஹென்றி பவர் தலைமையில் 1871-இல் முடிந்த ஐக்கியத் திருப்புதல். அதற்கு முன்னோடியானது, 18-ஆம் நூற்றாண்டில் நம் சென்னை வேப்பேரியில் இருந்து ஜெர்மானிய மிஷனரி பப்ரிசியுஸ் செய்த திருப்புதல். நடை பழையது, ஆனால் மனப்பாடத்துக்கு அதற்கு ஈடு இல்லை என்பது எங்கள் எண்ணம். அதை விடாமல், பக்கத்தில் ஓர் எளிய நடைப் பதிப்பையோ 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தையோ வைத்துக்கொள்ளுங்கள். வேப்பேரிப் பக்கத்துக் கிறிஸ்தவப் புத்தகக் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். கைபேசியிலும் பல பதிப்புகள் இலவசமாக இருக்கின்றன. திருவிவிலியத்தில் புத்தகப் பெயர்கள் மாறும்: ஆதியாகமம் அங்கே தொடக்க நூல், சங்கீதம் திருப்பாடல்கள், வெளிப்படுத்தின விசேஷம் திருவெளிப்பாடு.

நிருபங்களில் வேறொரு சிக்கல். வாக்கியம் நீண்டுகொண்டே போய் வினைமுற்று கடைசியில் வரும். ரோமர் 1:1–7, எபேசியர் 1:3–14 இரண்டும் அப்படிப்பட்டவை. முதலில் முற்றுப்புள்ளியைத் தேடி, அதற்கு முந்தின வினையைப் பிடியுங்கள். யார் அதைச் செய்கிறார் என்று கேளுங்கள். பிறகு நடுவில் உள்ள எச்சங்களை ஒவ்வொன்றாக நோட்டில் தனி வரியில் எழுதினால், சிக்கு பிரிந்துவிடும்.

"பெயர்கள் குழப்புகின்றன, தீர்க்கதரிசிகள் தலைகால் புரியவில்லை"

நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறுக்காக ஒரு கோடு போடுங்கள். அதில் மூன்று இடத்தில் குறி: கி.மு. 722 சமாரியாவின் வீழ்ச்சி, 586 எருசலேமின் அழிவு, 520 ஆகாயின் பிரசங்கம். 722-க்கு முன் ஆமோஸ், ஓசியா. அந்தக் குறியின் இரு பக்கமும் படும்படி ஏசாயா, மீகா. 586-ஐ ஒட்டி ஆபகூக், எரேமியா. பாபிலோனில் எசேக்கியேல், தானியேல். 520-இல் ஆகாய், சகரியா. அதற்கும் பின்னால் மல்கியா. ஒரு தீர்க்கதரிசியின் தொடக்க வசனங்களில் ராஜாவின் பெயர் இருந்தால் அதைப் பிடித்து, இராஜாக்களிலோ எஸ்றாவிலோ அந்த ராஜாவின் காலத்தை வாசித்துவிட்டு வாருங்கள். எரேமியாவுக்கு 2 இராஜாக்கள் 22–25, ஆகாய்க்கு எஸ்றா 3–6.

எப்பிராயீம், சமாரியா என்று வந்தால் பெரும்பாலும் வடதேசமான இஸ்ரவேல். சீயோன், யூதா என்றால் தென்தேசம். 2 இராஜாக்கள் 8-இல் இரண்டு தேசத்திலும் யோராம் என்றே ராஜா இருக்கிறான். 15-ஆம் அதிகாரத்தின் அசரியாவும் உசியாவும் ஒரே ஆள். ஏரோதுவும் ஒருவரல்ல: மத்தேயு 2-இல் பெரிய ஏரோது, லூக்கா 23-இல் மகன் அந்திப்பா, அப்போஸ்தலர் 12-இல் பேரன் முதலாம் அகிரிப்பா. 25, 26-இல் வருவது அந்த அகிரிப்பாவின் மகன்.

"ஒன்றுக்கொன்று முரணாக இருக்கிறதே"

மறைக்காமல் இரண்டு பகுதியையும் நோட்டில் அருகருகே எழுதுங்கள். பாதிச் சிக்கல் அங்கேயே அவிழும். எரிகோவில் மாற்கு 10 ஒரு குருடனைச் சொல்கிறது, மத்தேயு 20 இருவரை. மாற்கு பெயர் தெரிந்த பர்திமேயுவை மட்டும் சொல்கிறார். ஒருவன் மட்டுமே இருந்தான் என்று சொல்லவில்லை. நீதிமொழிகள் 26:4-உம் 5-உம் மூடனுக்குப் பதில் சொல்லாதே, சொல் என்று அடுத்தடுத்தே நிற்கின்றன. தொகுத்தவர் தெரிந்தேதான் வைத்தார்; எந்தச் சமயத்தில் எது என்று பகுத்தறிவதே அங்கே பாடம்.

கனமானது ரோமர் 3:28-உம் யாக்கோபு 2:24-உம். மனுஷன் விசுவாசத்தினாலே நீதிமானாகிறான் என்கிறது முன்னது; விசுவாசத்தினாலே மாத்திரமல்ல, கிரியைகளினாலும் என்கிறது பின்னது. இருவரும் ஆபிரகாமையே சாட்சிக்கு அழைக்கிறார்கள். ரோமர் 4 ஆதியாகமம் 15:6-ஐக் காட்டுகிறது. யாக்கோபு அதே வசனத்தோடு 22-ஆம் அதிகாரத்தையும், ஈசாக்கைப் பலிபீடத்தில் வைத்ததையும், சேர்த்துக்கொள்கிறார். பவுலின் எதிராளி நியாயப்பிரமாணக் கிரியையால் தேவனுக்கு முன் நிற்கலாம் என்பவன். யாக்கோபின் எதிராளியோ பசித்தவனைப் பார்த்து "பசியாறுங்கள்" என்று வாயால் சொல்லி அனுப்புகிறவன் (2:15, 16). எதிராளி யார் என்று கண்டுபிடித்தால் இரண்டு கடிதமும் தெளியும். சில கேள்விகளுக்கு அன்றைக்கு விடை வராது. தேதி போட்டு எழுதிவையுங்கள், போதகரிடம் கேளுங்கள்.

"தினமும் ஒரே தீர்மானம்: இன்னும் அதிகமாய் ஜெபிக்க வேண்டும்"

எந்தப் பகுதியிலிருந்தும் வரக்கூடிய தீர்மானம் அந்தப் பகுதியிலிருந்து வந்ததல்ல. எபேசியர் 4:25–32-ஐப் பாருங்கள்: பெரும்பாலும் விட வேண்டியது, செய்ய வேண்டியது, காரணம் மூன்றும் இருக்கின்றன. உங்கள் தீர்மானத்திலும் ஆள், இடம், நேரம் வரட்டும். "நாவைக் காக்க வேண்டும்" என்பதற்குப் பதில், "குடும்ப வாட்ஸாப் குழுவில் அண்ணியைப் பற்றி எழுதிவைத்த செய்தியை இப்போதே அழிக்கிறேன்." "உண்மையாய் இருக்க வேண்டும்" என்பதற்குப் பதில், "அபார்ட்மெண்ட் தண்ணீர் லாரிப் பங்கை இன்று மாலை கொடுத்துவிடுகிறேன்." சில பகுதிகள் செய்யச் சொல்வதில்லை, தேவன் யார் என்று மட்டும் காட்டும். அன்றைக்குத் துதி போதும். தீர்மானத்தை வலிந்து உண்டாக்க வேண்டாம்.

"நேரமே இல்லை" / "உட்கார்ந்தாலே தூக்கம்"

சென்னை ஓஎம்ஆர் சாலையின் ஐ.டி. அலுவலகத்தில் இரவு ஷிப்ட் முடித்து வருகிறவரிடம் அதிகாலை ஐந்து மணி தியானத்தைத் திணிப்பது நியாயமில்லை. தூங்கி எழுந்த பிறகு வரும் முதல் அரை மணி நேரம்தான் அவருடைய காலை. தாம்பரம்–கடற்கரை மின்சார ரயிலில் போகிறவர், வாசிப்பையும் கேட்பதையும் பிரித்துக்கொள்ளலாம்: வீட்டில் 12 வசனம் பென்சிலோடு, ரயிலில் அதே புத்தகம் முழுவதும் ஒலிவடிவில். பிலிப்பியர் நான்கே அதிகாரம், 104 வசனங்கள். சைதாப்பேட்டை தாண்டுவதற்குள் கேட்டு முடிக்கலாம். ஒரே நிருபத்தை ஒரு வாரம் தினமும் கேளுங்கள். ஒலிக்கோப்பை முன்னதாகவே இறக்கிவைத்து, கைபேசியை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். அறிவிப்பு மணிதான் பெரிய திருடன். தூக்கம் வந்தால் நின்றுகொண்டு வாய்விட்டு வாசியுங்கள்.

"வாசிக்கிறேன், ஆனால் உள்ளே வறட்சி"

அளவும் முறையும் சரியாக இருந்தும் இப்படி இருந்தால், பகுதியை மாற்றுங்கள். சங்கீதம் 13, 42, 88 மூன்றையும் உங்கள் சொந்த ஜெபமாகச் சத்தமாய்ச் சொல்லுங்கள். 88 இருளிலேயே முடிகிறது, ஆறுதல் வரியே இல்லாமல். அதுவும் வேதத்தில் ஜெபமாக இருக்கிறது. வாரம் ஒருநாள் இன்னொருவரோடு சேர்ந்து ஒரு பகுதியை வாசிப்பதும் உதவும். இருவர் போதும், கூட்டம் வேண்டாம்.

"வாசித்தாலே பயம், குற்ற உணர்வு"

மன்னிக்கப்படாத பாவத்தைச் செய்துவிட்டேனோ என்று மாற்கு 3:29-ஐயே சுற்றிச் சுற்றி வருகிறவர்கள் உண்டு. 22-இலிருந்து 30 வரை வாசியுங்கள். இயேசு பிசாசை ஓட்டியதைக் கண்ணால் கண்டும் அதைப் பிசாசுகளின் தலைவனான பெயெல்செபூலின் வேலை என்று சொன்ன வேதபாரகருக்கு வந்த எச்சரிப்பு அது; காரணத்தை 30-ஆம் வசனமே சொல்கிறது. செய்துவிட்டேனோ என்று அழுகிறவரின் நிலை அதற்கு நேர் எதிர். எபிரெயர் 6:4–6 பயமுறுத்தினால் 9-ஆம் வசனம்வரை நிறுத்தாமல் போங்கள், அங்கே எழுதியவர் வாசகரைப் "பிரியமானவர்களே" என்று கூப்பிட்டுத் தம் நம்பிக்கையைச் சொல்கிறார்.

இவ்வளவுக்குப் பிறகும் அதே எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, தூக்கமும் சாப்பாடும் கெட்டால், தனியாக வாசித்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். போதகரிடம் சொல்லுங்கள், மனநல மருத்துவரையும் பாருங்கள். இரண்டும் சேர்ந்தே நடக்கலாம், மருந்து எடுப்பது விசுவாசக் குறைவல்ல. அந்த நாட்களில் வெளிப்படுத்தின விசேஷத்தையும் எச்சரிப்புப் பகுதிகளையும் ஒதுக்கிவையுங்கள். லூக்கா 15-இல் நாளுக்கு ஓர் உவமை, அதன்பின் சங்கீதம் 103. முடிந்தால் வீட்டில் யாரையாவது வாசிக்கச் சொல்லி, நீங்கள் கேட்டுக்கொண்டிருங்கள்.